மூன்றடித் தொட்டிக்கு எத்தனை ஜிலேபி

1. மடியில் ஒரு தொட்டி

கண்ணாடித் தொட்டியைப் பஸ் மேல் ஏற்ற முடியாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். மேலே ஏற்கெனவே உப்பு மூட்டையும் கலப்பைக் கொழுவும் இருந்தன. உள்ளே வைத்தால் இரண்டு ஆள் உட்காரும் இடம் போய்விடும். ஆலங்காயத்தில் பஸ் கிளம்பும் இடத்தில், மீன் டின்னைக் காலடியில் வைத்துக்கொண்டு, தொட்டியின் ஒரு மூலையைப் பிடித்தபடி நான் நின்றேன். வாணியம்பாடியில் மீன் தொட்டி செய்து விற்கிற கவுஸ் பாயிடம் சேர்ந்த பிறகு அதுதான் எனக்கு முதல் வெளியூர் வேலை.

"இன்னாய்யா இது? சாமிக்குக் கூண்டா?" என்றார் டிரைவர் கோபால் நாயுடு.

"மீன் தொட்டிங்க. மலை மேல முனுசாமி டீக்கடைக்கு."

"மீனு எங்க?"

மண்ணெண்ணெய் டின்னின் மூடியைத் திறந்து காட்டினேன். விரல் நீளத்தில் நான்கு குட்டிகள். நாயுடு குனிந்து பார்த்துவிட்டு, "இத நெத்திலின்னு சொல்லி எண்ணெயில போட்டுட்டு, பொட்டிய எனக்குக் குடு. வூட்ல கோழி அடைக்கறேன்" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில், "மடியில வெச்சிக்கினு ஒக்காரு. ஒடஞ்சா ரத்தம் ஒன்னுது, கண்ணாடி முனுசாமியுது" என்று ஏற்றிக்கொண்டார்.

மலைப்பாதையின் வளைவில் எல்லாம் தொட்டி என் தொடையை அறுத்தது. டின்னில் தண்ணீர் அசையாமல் நின்றால் மீனுக்கு மூச்சு முட்டும். ஆகவே ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையை டின்னுக்குள் விட்டு அலசிக்கொண்டே போனேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பாயிடம் வருவதற்கு முன் வாணியம்பாடித் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றேன். கால் வெந்தது, விட்டேன். ஆவாரம்பட்டை உரிக்கிற கூட்டத்தோடு மலையடிவாரத்தில் அலைந்தேன். லாரியில் கிளீனராக ஹோசூர் வரை போனேன். ஓர் இடத்தில் இரண்டு மழை பார்த்தால் எனக்குக் கால் நிற்காது. கவுஸ் பாய் கடைக்குக்கூட வேலை கேட்டுப் போகவில்லை. மழைக்கு ஒதுங்கினேன். "ஏய், சும்மாத்தானே நிக்கறே, இந்த ஆங்கிள புடி" என்றார். பிடித்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இப்போதுபோல் கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டுகிற பசை அப்போது எங்களிடம் கிடையாது. இரும்பு ஆங்கிளில் பிரேம் அடித்து, வெல்டிங் வைத்து, துருப்பிடிக்காமலிருக்க ரெட் லெட் பூசி, சுண்ணாம்புத் தூளையும் ஆளி எண்ணெயையும் பிசைந்த புட்டியைத் தடவி, அதன்மேல் கண்ணாடியை அழுத்த வேண்டும். தண்ணீரின் கனம்தான் கண்ணாடியைப் புட்டியோடு இறுக்கும். ஒரு தடவை தண்ணீர் நிறைத்த தொட்டியை வெறுமையாகக் காயவிட்டால் ஒழுகும். தோல் வியாபாரிகளின் வீடுகளில் அப்போது வரவேற்பறைக்கு ஒரு தொட்டி என்பது மோஸ்தர். பாய்க்கு வேலை வந்துகொண்டே இருந்தது.

2. கடைக்காரருக்குப் பெரிய மீன்

முனுசாமி மலையடிவாரத்து ஆள். பிழைக்க மேலே போய்க் கடை போட்டவர். முன்பக்கம் டீக்கடை, பின்பக்கம் வீடு. எதிரே ஆறுமுகம் என்பவரின் கடை. மலைக்கு அப்போது ஒரே பஸ். அது எந்தக் கடை முன்னால் நிற்கிறதோ அந்தக் கடையில்தான் இறங்குகிறவர்கள் சாப்பிடுவார்கள். சந்தை நாளைத் தவிர மற்ற நாட்களில் அந்தப் பஸ்தான் வியாபாரம். எங்கே நிறுத்துவது என்பது டிரைவரின் இஷ்டம். அது நாயுடுவின் நாக்கைப் பொறுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கொண்டிருந்தது. பஸ்ஸைத் தன் பக்கம் நிரந்தரமாக இழுக்க முனுசாமி கண்டுபிடித்த வழி, மீன் தொட்டி. வாணியம்பாடியில் ஒரு சாயபு வீட்டில் பார்த்தாராம்.

பாய் கடைக்கு வந்து முதலில் அவர் கேட்டது ஏஞ்சல் மீன். பாய் மறுத்துவிட்டார்.

"அரே பாய், அது பட்டுப்புடவை. மலைக்குளிருல ராத்திரியே விறைச்சிப் போய்டும். உனக்கு ஜிலேபிதான். குளிரு தாங்கும், பட்டினி தாங்கும், உன் வடையும் தாங்கும்."

"பெருசா ஆவுமா?"

"நல்லா ஆவும்."

"அப்ப நாலு குடு. தொட்டி ரொம்பிக் கீறா மாதிரி தெரியணும்."

ஜிலேபிக் கெண்டை அப்போதுதான் நம் பக்கத்துக் குட்டைகளில் பரவத் தொடங்கியிருந்த வெளிநாட்டு மீன். வளர்ப்பு மீன் என்று யாரும் அதை மதிக்கவில்லை. ஆனால் அதுவும் ஏஞ்சலும், பழவேற்காட்டுப் பக்கம் கிடைக்கிற செத்தக்கெண்டையும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு இரண்டு குணம் உண்டு. ஆளை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வரும். இடத்துக்காகக் கொலையும் செய்யும். குட்டியில் நான்கும் ஒன்றாகத் திரியும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குவார்கள்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் உயரம். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே மண் சுவரில் திறப்பு விட்டு அதில் பொருத்தினேன். முனுசாமியின் சம்சாரம் பச்சையம்மா ஓடைத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். நிறைந்தபோது வெளியே கும்பல் நின்றது. நாயுடு பஸ்ஸை அந்தப் பக்கமே ஒதுக்கி நிறுத்தினார். எதிர்க்கடை ஆறுமுகம் கல்லாவில் இருந்தபடி, "தண்ணியக் காட்டி டீ விக்கறான்டா" என்று கத்தினார்.

3. பார்க்கிற கண்

அடுத்த முறை நான் போனது புட்டி ஒழுகுகிறது என்று ஆள் வந்ததால். உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தன நான்கும். கடையில் உட்கார இடமில்லை. ஆனால் தண்ணீர் பழுப்பாக இருந்தது. மேலே எண்ணெய்ப் படலம். அடியில் கூழாங்கற்களின் நடுவே ஊறிப்போன மாவு.

"இன்னா போடறீங்க?"

"நானு ஒண்ணியும் போடலப்பா. வர்றவங்க போடறாங்க" என்றார் முனுசாமி.

பெஞ்சில் சின்னாண்டிக் கவுண்டர் வடையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்திலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவருகிற பெரியவர். மீன் ஒன்று கண்ணாடியில் மூக்கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வடையில் ஒரு விள்ளலைப் பிய்த்து எழுந்துபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, மீதியை வாயில் வைத்தார்.

"போடாதீங்க கவுண்டரே, தண்ணி கெடுது."

"அது பாத்துக்கினே கீது. குடுக்காம நான் எப்பிடி முழுங்கறது? வயிறு நோவும்."

"மீனுக்குக் கண்ணு மூடத் தெரியாதுங்க. அது சும்மாவே அப்பிடித்தான் பாக்கும்."

"மூடத் தெரியாத கண்ணுன்னா இன்னும் மோசம்தானே?" என்றார். பெஞ்சு முழுவதும் தலையாட்டியது.

மலைக்காரர்கள் தின்னும்போது ஓர் உயிர் எதிரே நின்று பார்த்தால் அதற்கு ஒரு வாய் கொடுக்காமல் விழுங்க மாட்டார்கள். நாய்க்கும் அப்படி, ஆட்டுக்கும் அப்படி, ஜிலேபிக்கும் அப்படி. ஒருவர் போட்டால் பரவாயில்லை. ஒரு பஸ் ஆள் முழுக்க எழுந்து எழுந்து போட்டால் என்ன ஆகும்? நான் பலகையில் எழுதி வைக்கலாம் என்றேன். முனுசாமி, "படிக்கறவன் எவன்?" என்று கேட்டார். புட்டியை அடைத்து, பாதித் தண்ணீர் மாற்றி, அன்றைக்கே இறங்கிவிட்டேன். மலையில் தங்கினால் எனக்கு மூன்றாம் நாள் வேறு எங்காவது போகத் தோன்றும்.

4. பொன்னுக்கு வீங்கி

அதன்பின் ஒரு சந்தை நாளில் போனபோது, தொட்டியின் மூலையில் பச்சையம்மாவின் கழுத்துச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் வேப்பிலையும் கட்டியிருந்தது.

"இன்னாக்கா இது?"

"அதுக்கு பொன்னுக்கு வீங்கிப்பா. பாரு, தாடை எப்பிடி வீங்கிக் கீதுன்னு. தீனியும் எடுக்கல. என் புள்ளைக்கு இப்பிடித்தான் வந்திச்சி. இதே சங்கிலியப் போட்டேன், எறங்கிப் போச்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத. மீனு கழுத்துல மாட்ட வழி இருந்தா மாட்டியிருப்பேன். அதுக்குக் கழுத்து எங்க கீதுன்னு தெரியல."

அந்த மீன் பெட்டை. ஜிலேபியில் பெட்டை முட்டையை வாயிலேயே அடைகாக்கும். குஞ்சு நீந்தும்வரை தீனி எடுக்காது. இதைச் சொன்னேன். பச்சையம்மா நம்பவில்லை. நான் இருந்த இரண்டாம் நாள் காலையில் அவரே கூப்பிட்டார். பெட்டை வாயைத் திறந்தது. புகைபோலக் குஞ்சுகள் வெளியே வந்தன. பெரிய ஆண் ஒன்று நெருங்கியதும் அத்தனையும் திரும்பி வாய்க்குள் ஓடின.

"அடியம்மா! பட்டினி கெடந்து வாயிலயே வெச்சிக் காப்பாத்துறாளே" என்று சங்கிலியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கடையில் அன்றைக்குத் திருவிழா. குஞ்சு பார்க்க ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து எல்லாம் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் பிள்ளை பெற்றவளுக்கு என்று கொஞ்சம் போட்டார்கள்.

எனக்குத்தான் அமைதி இல்லை. ஆண்களில் பெரியது கருகருவென்று மாறி, துடுப்பு ஓரம் சிவந்து, கற்களைத் தள்ளிக் குழி பறித்து, தொட்டியின் முக்கால் பங்கை வளைத்துக்கொண்டிருந்தது. மற்ற ஆண் மேல் மூலையில் வால் கிழிந்து நின்றது. ஒளிய இடமில்லை. தொட்டி மூன்றடி நீளம் என்பது பேச்சுக்குத்தான். மீன் நீளத்தில் போகும், ஆனால் அகலத்தில்தான் திரும்ப வேண்டும். ஒரு சாண் மீன் திரும்புகையில் வால் கண்ணாடியில் இடித்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒண்ண வெச்சிக்கினு மத்தத எடுத்துடலாம்."

"ஒண்ணா? கடையில ஒத்த வடைய வெச்சிக்கினு ஒக்காந்தா எவன்யா வருவான்?" என்றார் முனுசாமி.

5. பஸ் எதிர்ப்பக்கம் நின்றது

அந்தக் குளிர்காலத்தில் முனுசாமி மலையிறங்கி நேராக வாணியம்பாடிக் கடைக்கு வந்தார். நான் ஆங்கிள் அறுத்துக்கொண்டிருந்தேன்.

"பாய், உன் தொட்டிய நீயே வெச்சிக்க. என் பொழப்பு போச்சி."

குஞ்சுகள் ஒன்றும் மிஞ்சவில்லை, கிழிந்த வால் ஆணும் செத்துவிட்டது. தண்ணீர் நாறியது. அதையாவது சகிக்கலாம். நாயுடுவுக்கு வந்த கோபம் வேறு. ஆட்கள் மீனுக்கு ஊட்டி, மீன் தின்கிறதா என்று பார்த்து, பிறகு தாங்கள் தின்று எழுவதற்குள் பஸ் தாமதமாகிறது. கீழே ஆலங்காயத்தில் அவருக்குத் திட்டு. அவர் ஒரு நாள் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் பஸ்ஸை ஆறுமுகம் கடை முன்னால் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து அங்கேதான். முனுசாமி வடை போட்டு, வடை போட்டு, தானே தின்றுகொண்டிருந்தாராம்.

"இன்னும் ஒரு சந்தை பாப்பேன். அப்பறம் அடுப்ப ஒடச்சிட்டு எறங்கிட வேண்டியதுதான்" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். "ஏழுமலை, போய்ப் பாத்து சரி பண்ணு. ஆகலன்னா தொட்டியத் தூக்கிக்கினு வா. அந்தாளு கண்ணு கலங்கி நிக்கிறத என்னால பாக்க முடியல."

முனுசாமியோடு நானும் ஏறினேன். போனதும் தண்ணீரை முழுக்க இறைத்தேன். புட்டி காய்ந்துவிடாமல் ஈரச்சாக்கை வைத்துக்கொண்டே கற்களைக் கழுவினேன். பச்சையம்மா தண்ணீர் தூக்கினார். "ஒங்க மீனுக்குத் தண்ணி தூக்கி என் இடுப்பு போச்சி. நெலத்துக்கு எறைச்சிருந்தா நெல்லாவது வெளைஞ்சிருக்கும்."

மூன்று பெரிய மீன்களும் அண்டாவில் இருந்தன. எதை வைப்பது? முனுசாமிக்குப் பெட்டைகள் மேல் ஆசை. நான் கருப்பு ஆணைத்தான் எடுத்தேன்.

"அவன் கொலகாரன்யா!"

"தனியா இருந்தா யாரண்ணே கொல்லுவான்? நீங்க கண்ணாடிகிட்ட போனா இவன்தான் வருவான். நாலு இருந்தப்ப அவங்களுக்குள்ள சண்டைக்கே நேரம் சரியா இருந்திச்சி. ஒத்தையா வுட்டா ஒங்க கூடத்தான் சண்டை."

அரைமனதாகச் சரி என்றார். மிச்சம் இரண்டையும் வறுத்துவிடலாம் என்று பச்சையம்மாவிடம் மிளகாய் அரைக்கச் சொன்னார். அதற்குள் சின்னாண்டிக் கவுண்டர் வந்துவிட்டார்.

"எதை வறுக்கப் போறே?"

"இந்த ரெண்டையும்தான்."

"முனுசாமி, அது என் கைல வாங்கித் தின்னது. நான் கடிச்சதுல பாதி. கூடத் தின்னத எப்பிடிய்யா தின்றது? நீ வறு. இந்தப் பெஞ்சில ஒருத்தன் ஒக்கார மாட்டான்."

பச்சையம்மா அம்மியிலிருந்து கையை எடுத்துவிட்டார். கீழே கொண்டுபோகிறேன் என்று நான் அவற்றை டின்னில் விட்டேன்.

மீன் சரி. தண்ணீர் சரி. ஆனால் ஒற்றை மீன் பார்த்தாலும் பார்வை பார்வைதான். மறுபடி வடை விழும், மறுபடி பஸ் தாமதமாகும். தொட்டியைத் திருப்பி வீட்டுப் பக்கம் வைக்கலாமா என்று யோசித்தேன். அப்புறம் கடைக்கு எதற்குத் தொட்டி? முனுசாமி கண்ணாடியைச் சாக்கால் மூடிவிட்டு அடுப்பருகே உட்கார்ந்துவிட்டார்.

பச்சையம்மா அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது பாத்தாத்தானே குடுக்கணும்?" என்றார். "தின்றப்ப மூடி வையி. தின்னுட்டு, கைய கழுவிட்டு வந்தா தெறந்து காட்டு. கழுவின கையில குடுக்க இன்னா இருக்கும்?"

முனுசாமி எழுந்தார். நான் ஆணியும் கயிறும் எடுத்தேன். சாக்கின் அடியில் ஒரு மூங்கில் குச்சி, மேலே இரண்டு வளையம். கயிறு சுவருக்கு உள்ளே பச்சையம்மாவின் கைக்குப் போயிற்று.

ஆனால் பஸ் எதிர்ப்பக்கம் நின்றது. அதை யார் இழுப்பது? பச்சையம்மாவே தெருவைத் தாண்டிப் போனார். நாயுடு ஆறுமுகம் கடையில் இட்லியை எடுத்த கை எடுத்தபடி நிமிர்ந்தார்.

"நாயுடுகாரு, நாளைக்கி ஒரே ஒரு வாட்டி நம்ம பக்கம் நிறுத்துங்க. நீங்க ஹாரன் அடிச்சி ஒருத்தன் ஏறலன்னா, அப்பறம் காலத்துக்கும் இங்கியே நிறுத்துங்க. நான் கேக்க மாட்டேன்."

"ஏம்மா, உன் மீனு சாப்ட்டு முடிக்கறதுக்குள்ள எனக்கு ரிடையர்மென்ட் வந்துடும்மா."

"மீனுக்கு நாளைலேந்து சாப்பாடு இல்ல" என்றார் பச்சையம்மா.

மறுநாள் பஸ் வந்தது. நாயுடு முனுசாமி கடை முன்னால் நிறுத்தினார், இஞ்சினை அணைக்காமல். இறங்கியவர்கள் நேராகத் தொட்டியிடம் போனார்கள். சாக்கு தொங்கியது.

"எங்கய்யா மீனு?"

"தின்னுட்டு, கைய கழுவிட்டு வந்து நில்லு. அப்பத்தான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நான் ஓரமாக நின்று பார்த்தேன். ஆட்கள் உட்கார்ந்தார்கள். பேச்சு இல்லை. இட்லி போன வேகத்தில் முனுசாமிக்குச் சட்னி ஊற்றக் கை போதவில்லை. ஒருவன் வடையை வாயில் அடைத்துக்கொண்டே சொம்பைத் தேடினான். கழுவிய கைகளோடு வரிசை நின்றது. சாக்கு ஏறியது. தண்ணீர் தெளிவாக இருந்தது. கருப்பு ஆண் கண்ணாடிக்குப் பாய்ந்து வந்து, துடுப்பை விரித்து, முன்னால் நின்ற ஆளை முட்டப் பார்த்தது. வரிசை முழுவதும் ஓரடி பின்னால் போய்ச் சிரித்தது. இன்னொருவர் முன்னால் போனார். அவரையும் முட்ட வந்தது.

ஹாரன் அடித்தது. சாக்கு சரக்கென்று இறங்கியது. பார்க்க ஒன்றும் இல்லாமல் போனதும் எல்லோரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

நாயுடு கையில் கிளாஸோடு முழித்தார். "ஏம்ய்யா, என் டீயே இன்னும் ஆறலியே! அதுக்குள்ள எல்லாம் ஏறிட்டானுங்களா?" நின்றபடியே குடித்துவிட்டு ஏறினார். பெண் மீன்கள் இருந்த டின்னோடு நானும் ஏறினேன். முனுசாமி ஜன்னலருகே ஓடிவந்தார். கடை பிழைத்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் சொன்னது வேறு.

"ஏழுமலை, அது ஒத்தையா கீதே, பாவமா கீதுய்யா. அடுத்த வாட்டி ஒரு சின்னப் பொட்டையா பாத்து..."

"பொட்டை வந்தா தண்ணி யாரு தூக்கறது? நீ தூக்குவியா?" என்று உள்ளிருந்து கேட்டது. முனுசாமி, "சும்மா கேட்டேன்" என்று திரும்பிப் போனார்.

நான் அந்தப் பக்கம் போய்வந்த காலம்வரை பஸ் அங்கேதான் நின்றது. பிறகு நான் கவுஸ் பாயை விட்டுக் கிளம்பி, சேலத்திலும் ஹோசூரிலும் தொட்டி அடித்தேன். இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களிடம் கண்ணாடி, பம்பு, ஹீட்டர் எல்லாம் இருக்கிறது. அதனால் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. மீன் வாங்க வருகிறவர் தொட்டியின் நீளத்தைச் சொல்வார். நீங்கள் அகலத்தைக் கேளுங்கள். கையிலிருக்கும் குட்டியைக் காட்டாதீர்கள், அது வளர்ந்தால் எவ்வளவு என்பதைக் கையால் அளந்து காட்டுங்கள். இடத்துக்காகச் சண்டை போடுகிற சாதி என்றால், மூன்றடிக்கு ஒன்று போதும் என்று சொல்லுங்கள், வியாபாரம் போனாலும். கடைசியாக, தொட்டிக்கு எதிரே யார் உட்கார்ந்து என்ன சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள். இதைக் கேட்டதற்காக என்னைப் பைத்தியம் என்றவர்கள் உண்டு. வீட்டுக்குள் போய் விசாரித்துவிட்டு வந்து பதில் சொன்னவர்கள்தான் மறுபடி என்னிடம் வந்து மீன் வாங்கினார்கள்.